சாக்குப் போர்த்திய மீன்தொட்டி

உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிற எவரும் மீன்தொட்டியைப் பார்க்காமல் போகக்கூடாது என்பது பத்து வயதில் நான் போட்ட சட்டம். வவுனியாவிலிருந்து மாமா பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து தந்த கண்ணாடித் தொட்டி. உள்ளே இரண்டு சிவப்பு மீன்கள். றோட்டுப் பக்க யன்னலோடு ஒட்டி வைத்தேன். காலை வெயில் நேரே அதற்குள் விழும், மீன்கள் மின்னும். பாசியும் அதே வெயிலுக்குத்தான் காத்திருந்தது.

இரண்டு கிழமையில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. தேங்காய்த் தும்பால் கண்ணாடியைத் தேய்த்தேன். மூன்றாம் நாள் திரும்ப வந்தது.

"உள்ளுக்குத் தள்ளி வையடா, வெயில் படுது," என்றார் அப்பா.

முடியாது என்றேன். உள்ளே வைத்தால் றோட்டில் போகிறவர்களின் கதி என்ன?

குற்றம் கிணற்றுத் தண்ணீரில்தான் என்று நானே தீர்ப்பெழுதி, எங்கள் வயலுக்குக் கீழே ஓடும் வாய்க்காலில் இரண்டு வாளி அள்ளிவந்து தொட்டியை நிரப்பினேன். முதல்நாள்தான் அப்பா வயலுக்கு யூரியா எறிந்திருந்தார். நெல்லைப் பச்சையாக்கப் போட்ட உரம் வயலால் வடிந்து, வாய்க்காலால் வந்து, என் வாளியில் ஏறி வீட்டுக்கே விருந்துக்கு வந்துவிட்டது. நாலு நாளில் தொட்டிக்குள் மீனையே காணவில்லை.

"கீரை கடைஞ்சு வச்சிருக்கிறான்," என்றார் அம்மா. "நுளம்பு வந்து முட்டை போடப்போகுது."

"டேய் தம்பி, இந்தக் குளத்துக்கு அணைக்கட்டும் கட்டப்போறியோ?" என்றார் அப்பா. "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பாப்பன். தெளியாட்டி மீனோட சேத்து வாய்க்காலுக்க ஊத்திப் போடுவன்."

"விடமாட்டன்! ஊத்தினா நானும் வாய்க்காலுக்க குதிப்பன்!"

"குதி. முழங்கால் நனையும்."

வாய் வீரம் பேசி முடிந்ததும், பிள்ளையாருக்கு இரண்டு தேங்காய் நேர்ந்தேன். பிறகு, அப்பா பார்க்காவிட்டால் அவருக்குக் கோபம் வராது என்ற பேரறிவோடு, ஒரு நெல்லுச் சாக்கை எடுத்துத் தொட்டியை மூடினேன். யன்னல் பக்கத்துக்குச் சாக்கு எட்டவில்லை. எட்டாவிட்டால் என்ன, அப்பா றோட்டில் நின்றா பார்க்கப் போகிறார்? அதன் பிறகு நாலு நாள் நான் அந்த யன்னல் பக்கமே தலைவைக்கவில்லை. மீன்கள் செத்து மிதந்தால் எந்த முகத்தோடு பார்ப்பது? வீட்டுக்குள் வருவதும் போவதும் பின்பக்கக் குசினிக் கதவால்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பா கூப்பிட்டார். "சாக்கைத் தூக்கு."

காலை அகட்டி, இரண்டு கையாலும் தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "ஊத்த விடமாட்டன்!" குரல் ஆட்டுக்குட்டியின் குரல்போல நடுங்கியது; சொன்ன சொல்லை மட்டும் மாற்றவில்லை.

அப்பா என் தலைக்கு மேலால் கையை நீட்டி, யன்னல் கொளுக்கியைக் கழற்றிப் பலகைக் கதவைத் தள்ளினார். வெளிச்சம் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு சாக்கை இழுத்தேன்.

முழுதாகத் தெளிந்திருந்தது என்று சொன்னால் பொய். ஆனால் தொட்டியின் பக்கத்தில் வந்து நின்ற அப்பா உடுத்திருந்த சாரத்தின் கோடுகள் தண்ணீருக்குள்ளால் தெரிந்தன. நடுவே இரண்டு சிவப்பு மீன்கள் என்னை முறைத்துக்கொண்டு நின்றன.

"பாத்தீங்களோ! நான் சொன்னனான்தானே!" என்று கத்தினேன். உண்மையில் நான் எதையுமே சொல்லியிருக்கவில்லை.

"ஓம், நீ வெண்டிட்டாய்," என்றார் அப்பா. "இனியாவது உள்ளுக்குத் தள்ளி வைப்பமோ?"

"மாட்டன்."

என் பிடிவாதத்துக்குப் பயந்துதான் பாசி ஓடியது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் கதை அளந்தேன். ஒருநாளும் சாத்தாத அந்த யன்னலைச் சாத்தி, நாலு நாளாகக் கொளுக்கி போட்டு வைத்திருந்தது யார் என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.