தெற்கு வாசல் மேஸ்திரி

வெளியில் யாரும் அவரை மேஸ்திரி என்று கூப்பிட்டதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துகிற வேலை அவருக்கு. "உள்ள இருக்கிறவர்கிட்ட குடுத்திருக்கு, சாயங்காலம் வாங்க" என்று முன்னால் வாடிக்கையாளர்களிடம் சொல்வது, தண்ணீர் சொட்டச் சுழலும் சக்கரத்தின் இரைச்சலையும் மீறி அவர் காதில் விழும். உள்ளே இருக்கிறவர் என்பதுதான் அங்கே அவர் பெயர். அந்த அறைக்குள் யாரோடும் பேச வேண்டியதில்லை. அதற்காகவே பிடித்த வேலை.

அவருக்குத் திக்குவாய். முதல் எழுத்து தொண்டையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். பின்னால் வருகிற வார்த்தைகளெல்லாம் வரிசையில் நிற்கும். எதிரில் இருப்பவர்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, ஒத்தாசை செய்வதாக நினைத்து அவர் சொல்லவந்ததை அவர்களே முடித்துவைப்பார்கள். தப்பாக முடித்தாலும் மேஸ்திரி தலையாட்டிவிடுவார். சலூனில் "ஒட்ட வெட்டிரவா?" என்றால் ஒட்ட வெட்டுதான். பஸ்ஸில் கண்டக்டர் எந்த நிறுத்தத்தைச் சொன்னாரோ அதற்கே டிக்கெட் வாங்கி, அங்கே இறங்கி நடந்து போவார். கல்யாணப் பேச்சு வந்த காலத்தில் "மாப்பிள்ளைக்கு இதுல இஷ்டமில்லபோல" என்று பெண்ணின் மாமா முடித்துவைக்க, அதற்கும் தலையாட்டிவிட்டு வீடு வந்து சேர்ந்தவர்.

சரியாக முடிக்கத் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். புருஷனோடு ஒத்துவராமல் இரண்டு பெட்டியோடு வந்தவள், தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டாள். அவர் "உ..." என்று ஆரம்பிக்கும்போதே உப்பு தட்டுக்குப் பக்கத்தில் வந்திருக்கும்.

மேஸ்திரி என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது கம்ப்யூட்டருக்குள். கடலோரத்தில் ஒரு கோட்டையைக் கட்டி, படகுகளில் வந்து இறங்கும் கொள்ளைக்காரர்களிடமிருந்து அதைக் காப்பாற்ற வேண்டும். எங்கெங்கோ இருக்கிற முப்பது நாற்பது பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்து சேர்ந்து ஆடும் ஆட்டம். பேச்செல்லாம் தட்டச்சில்தான். விரலுக்குத் திக்காது. "தெற்கு வாசல் போனா போகுது, விட்டுட்டு எல்லாரும் மேல ஏறுங்க" என்று அவர் தட்டினால் நாற்பது பேரும் ஏறினார்கள். சுவர் வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று மேஸ்திரி என்றார்கள். போகப்போக, சண்டை மூண்டால் சமாதானம் பண்ணுவதும் அவர், புதிதாக வருகிறவர்களுக்கு இடம் காட்டுவதும் அவர் என்று ஆகிவிட்டது. அவர் அடிக்கிற ஜோக்குக்கு ஆளாளுக்கு உருண்டு புரண்டார்கள். பேச்சில் ஜோக்கின் கடைசி வரிவரை அவர் ஒருநாளும் போய்ச் சேர்ந்ததில்லை.

ஒரு சாயங்காலம் உள்ளே போனதும் கோட்டை வாசலில் அறிவிப்பு நின்றது. இத்தனை வருஷப் பயணத்துக்கு நன்றி. மாதக் கடைசியில் ஆட்டத்தை மூடுகிறோம். போன வாரம்தான் அவர் நிஜக் காசு கொடுத்துக் கோட்டைக்குக் கருங்கல் மூட்டை வாங்கியிருந்தார். வாங்கியதற்குப் பணம் திரும்ப வராது என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

"அட விடுங்க மேஸ்திரி, கல்லு போனா என்ன, கொத்தனார் இருக்காருல்ல" என்று தட்டினாள் நர்ஸ். அவள் நிஜமாகவே நர்ஸ். ஷிஃப்ட் முடிந்து செருப்பைக் கழற்றியதும் கோட்டைக்கு வந்துவிடுவாள். எல்லாரும் கூடிப் பேசி, கும்பலோடு ஒரு புது ஆட்டத்துக்குக் குடிபோவது என்று முடிவாயிற்று. அதில் கப்பல், புயல், எல்லாம் உண்டாம். "முக்கியமா, அதுல தட்டிக்கிட்டு இருக்க வேண்டாம். மைக்ல பேசிக்கிட்டே ஆடலாம்" என்றான் லாரி என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த டிரைவர்.

மேஸ்திரியின் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன.

"அப்பாடா, மேஸ்திரி குரல ஒருவழியா கேக்கப் போறோம். கட்டக் குரல்தான், நான் அடிச்சுச் சொல்றேன்" என்றாள் நர்ஸ்.

"சொல்லிரு" என்றாள் அக்கா, விஷயம் தெரிந்ததும். "எழுதித்தானே பேசுறீங்க? எனக்கு வாய் திக்கும்னு எழுதிப் போட்டா முடிஞ்சுது. உன் தலையையா வாங்கப் போறாங்க?"

சொல்லிவிடுவது என்றுதான் அவரும் முடிவு செய்தார். கடைசி நாள் சாயங்காலம், எல்லாரும் இருக்கும்போது. அதற்கு முன்னால் புது ஆட்டத்தை வாங்கியாக வேண்டுமே. இன்டர்நெட்டில் வாங்கப் பார்த்தார்; இவ்வளவு தொகைக்குக் கார்டை உறுதி செய்ய பேங்கிலிருந்து போன் வரும் என்றது. மூடிவிட்டு நேரே கடைக்குப் போனார்.

பேச்சைக் குறைக்க ஆட்டத்தின் படத்தைப் போனில் எடுத்து வைத்திருந்தார். கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் "ஓ, இதுவா, சூப்பர் கேம் சார்" என்றார். கம்ப்யூட்டரில் போடுவதற்கு வேண்டும் என்று சொல்ல மேஸ்திரி வாயைத் திறந்தார். "க... க..."

"கவலையே படாதீங்க, ஸ்டாக் இருக்கு. பையனுக்குத்தானே?"

பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேஸ்திரி தலையாட்டினார்.

"டிவியில மாட்டி ஆடுற பெட்டிதானே வச்சிருக்கான்? இப்ப எல்லாப் பசங்களும் அதுதான்."

அதற்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், அவரிடம் இல்லாத ஒரு பெட்டிக்கான வட்டு. உள்ளே நுழைக்க அவருடைய கம்ப்யூட்டரில் ஓட்டைகூடக் கிடையாது.

மறுநாள் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். மேஸ்திரி பின்னால் போனார்.

"பிரிச்ச பெட்டிய திரும்ப எடுக்க மாட்டோம்மா. ரூல்ஸு."

"பிரிக்காம உள்ள என்ன இருக்குன்னு எப்படிப்பா தெரியும்? மோந்து பாக்கணுமா?"

"சார்தானே பையனுக்குன்னு சொல்லி வாங்கிட்டுப் போனாரு..."

"எங்க பையன்? எனக்குத் தெரியாம எப்பப் பெத்தான்?"

கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். மேஸ்திரி கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் மேல்பணம் வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டருக்கான பெட்டியைக் கொடுத்தார் கடைக்காரர். அக்கா இந்த முறை அங்கேயே பிரித்தாள். குலுக்கினாள். கவிழ்த்தாள்.

"என்னப்பா, காலிப் பெட்டி? ஒரு சீட்டுதான் விழுது."

"அதுதாம்மா கேம். சீட்டுல இருக்கிற நம்பரப் போட்டா வீட்டுல இறங்கிக்கும்."

"இந்தச் சீட்டுக்கு இம்மாம் பெரிய பெட்டியா? நல்லா பண்றீங்கப்பா வியாபாரம்" என்று சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். "வா போலாம். அவன் முகத்துல முழிச்சாலே காசு போகுது."

கடைசி நாள் வந்தது. கோட்டை நிரம்பி வழிந்தது. எப்போதோ விட்டுப் போனவர்கள்கூட வந்திருந்தார்கள். கொள்ளைக்காரர்கள் மட்டும் வரவில்லை, கம்பெனி அவர்களை முன்னமே நிறுத்திவிட்டதுபோல. சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்து ஆளாளுக்கு வம்பளந்தார்கள். மேஸ்திரி சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தார். மூடுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருப்பதாகக் கணக்கு.

"மேஸ்திரி, ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றான் லாரி.

"பேசுறேன். முதல்ல உங்க எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்" என்று தட்டி அனுப்பினார்.

"ஐயோ, கடன் கேக்கப் போறாரு, ஓடுங்க" என்றாள் நர்ஸ். மறுபடியும் சிரிப்பு. அது அடங்குவதற்குள் அவர் அடுத்த வரியை ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பேச வராது, சின்ன வயசுலேருந்தே வாய்...

திரை சாம்பலாகிவிட்டது. 'தொடர்பு துண்டிக்கப்பட்டது.' கம்பெனிக்காரர்கள் அவர்கள் ஊர்க் கடிகாரத்தில் மூடியிருந்தார்கள். இங்கே கூட்டிக் கழித்தவர்கள் ஒரு மணி நேரம் தப்பாகக் கழித்திருந்தார்கள். மேஸ்திரி திரும்பத் திரும்ப உள்ளே போகும் பொத்தானை அழுத்திப் பார்த்தார். அந்த நாற்பது பேரின் நிஜப் பெயரோ போன் நம்பரோ அவரிடம் இல்லை. தேவைப்படும் என்று நினைத்ததில்லை.

புது ஆட்டம் இறங்கி முடிக்க இரண்டு நாள் பிடித்தது. பேசிவைத்திருந்த இடத்துக்கு மேஸ்திரி என்ற பெயரிலேயே போய்ச் சேர்ந்ததும் காதுக்கருவியில் சளசளவென்று குரல்கள். நர்ஸுக்கு இப்படி ஒரு கம்மிய குரலா? லாரி இவ்வளவு சின்னப் பையனா? ஒவ்வொருவராகக் கண்டுபிடிக்க அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தட்டச்சு செய்யும் இடத்தைத் தேடினார். இல்லை. அவசரத்துக்கு அழுத்த நாலைந்து ரெடிமேட் வரிகள் மட்டும் இருந்தன: 'நன்றி', 'உதவி வேண்டும்', 'இணைப்பு சரியில்லை'.

"ஏய், மேஸ்திரி வந்தாச்சு!" என்று கத்தினாள் நர்ஸ். "எல்லாரும் வாய மூடுங்கப்பா. மேஸ்திரி, மைக்க ஆன் பண்ணுங்க."

எல்லாரும் வாயை மூடினார்கள். யாரோ ஒருவர் வீட்டில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மேஸ்திரி மைக்கைத் திறந்தார். வணக்கம் என்று ஆரம்பிக்கலாம் என்று பகலெல்லாம் சக்கரத்தின் முன்னால் சொல்லிப் பார்த்திருந்தார்.

"வ... வ... வ்..."

"ஹலோ?"

"வ... வ..."

"வெட்டி வெட்டி வருது மேஸ்திரி" என்றான் லாரி. "லைன் சரியில்லபோல."

"ஆமா, பாவம், அவரு வீட்டுப் பக்கம் நெட்டு மோசம்போல" என்றாள் நர்ஸ். "மேஸ்திரி, நெட்டுதானே பிரச்சினை?"

அவர்கள் காத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் அந்த எழுத்து நகர்ந்திருக்கும் என்றுகூடத் தோன்றியது. அதற்குள் அவர் விரல் 'இணைப்பு சரியில்லை' மேல் போய்விட்டது. அழுத்தினார்.

"அதான் சொன்னேன்ல" என்றான் லாரி. "சரி, மேஸ்திரி லைன சரி பண்ணிட்டு வரட்டும். அதுவரைக்கும் நானே சொல்றேன். எல்லாரும் கப்பலுக்குப் போங்க."

எல்லாரும் கப்பலுக்குப் போனார்கள். மேஸ்திரியின் ஆள் கரையில் நின்றான். தூரம் கூடக் கூடக் குரல்கள் மெலியும்படி அந்த ஆட்டத்தைச் செய்திருந்தார்கள். லாரி எதையோ தப்பாகச் சொல்லிக்கொண்டு போனான். புயலுக்குப் பாயை இறக்கச் சொல்ல வேண்டும், ஏற்றச் சொன்னான். கேட்கும் தூரத்தைத் தாண்டும்வரை மேஸ்திரி கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். "என்னடா, பேசுனியா?"

அவர் திரும்பினார். "அ..."

அக்கா இந்தத் தடவை முடித்துவைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், எவ்வளவு நேரமானாலும் சரி என்பதுபோல. அவர் கொஞ்ச நேரம் முயன்று பார்த்தார். அப்புறம் ஆமாம் என்று தலையாட்டினார்.