கோப்பாய் கிரகணமும் நான் கழற்றச் சொன்ன கண்ணாடியும்

2019 டிசம்பர் 26 அன்று வளைய சூரிய கிரகணம் யாழ்ப்பாணத்தில் நன்றாகத் தெரியும் என்று அறிந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிரகணம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்துத் தள்ளினேன். எல்லாம் தெரியும் என்ற திமிரோடுதான் கொழும்பில் பஸ் ஏறினேன். நீங்கள் போவதாக இருந்தால் அந்தத் திமிரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர், குளிரூட்டிய பஸ், 1,500 ரூபா. காலை 6.15க்கு யாழ்ப்பாணம். அங்கிருந்து கோப்பாய்க்கு ஏழு கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 600 ரூபா. ஓட்டியவர் ரவி அண்ணை. மரம் மறைக்காத வெளி எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

"எங்கடை வளவுக்கே வாங்கோவன் தம்பி. முன்னுக்குத் தோட்டம், ஒரே வெளிதான்."

வீட்டில் அவர் மனைவி மலர் அக்கா அடுப்பே மூட்டவில்லை. கிரகணம் விட்டு, முழுகிய பிறகுதான் சமையலாம். தாம்பாளத்துத் தண்ணீருக்குள் உலக்கையை நிமிர்த்தி வைத்திருந்தார். கிரகணம் முடியும்வரை விழாதாம். "சமதரையில வைச்சா எந்த நாளும் நிக்கும் அக்கா" என்று நக்கலடித்தேன்.

"நிக்கட்டும் தம்பி. நான் மேலை பார்க்கமாட்டன்" என்றார்.

ரவி அண்ணைக்கோ ஆவல். "உது எப்பிடித் தம்பி நடக்குது?"

ஓர் ஐந்து ரூபாக் குற்றியை எடுத்தேன். சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் சந்திரன் வருகிறது, அதன் நிழல் நம்மேல் விழுகிறது, அவ்வளவுதான். குற்றியைக் கண்ணருகே பிடித்தால் எதிரே உள்ள தண்ணீர்த் தாங்கி முழுதும் மறையும். கையை நீட்டிப் பிடித்தால் சுற்றிவரத் தாங்கியின் ஓரம் தெரியும். இன்று சந்திரன் சற்றுத் தூரத்தில் நிற்கிறது. அதனால் சூரியனை முழுதாக மூடாது, ஓரம் வளையமாக மிஞ்சும்.

8.10க்குத் தொடங்கியது. என்னிடம் இருந்த இரண்டு கிரகணக் கண்ணாடிகளில் ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். மலர் அக்கா குசினிப் பக்கம் போய், பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டை வெயிலில் பிடித்தார். சீமெந்துத் தரையில் ஒவ்வொரு துளைக்கும் ஒரு கடிபட்ட சூரியன்! வாயைப் பிளந்துவிட்டேன்.

9.35 அளவில் வளையம் வந்தது. மெல்லிய முகில் வேறு, வெளிச்சம் மங்கி உடம்பு சில்லிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"கழட்டுங்கோ அண்ணை! இப்ப வெறுங்கண்ணால பார்க்கலாம்!"

ஐயோ! நான் வாசித்தது சூரியன் முழுதாக மறையும் கிரகணத்துக்கு. வளையம் என்றால் ஓரம் எரிந்துகொண்டேயிருக்கிறது என்றுதானே அர்த்தம். குற்றி பிடித்து விளக்கிய மடையன் நானேதான். நான் தொலைபேசித் திரையில் படமெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார். குசினிப் பக்கமிருந்து, "இஞ்சருங்கோ, இஞ்சை வந்து நிலத்தைப் பாருங்கோ, எல்லாம் வளையல்!" என்று அக்காவின் குரல். அவர் போகவில்லை. அவருக்கு வலிக்கவேயில்லை. கண்ணின் உட்புறம் வெந்தால் வலி தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

சாப்பிட்டு, பின்னேரம் மூன்று மணிக்கு ரவி அண்ணையின் ஓட்டோவில் யாழ்ப்பாணம் திரும்பினோம். சந்தியில் ஓட்டோவை ஓரங்கட்டிக் கண்ணைக் கசக்கினார். "தம்பி, அந்த பஸ்ஸிலை ஊர்ப்பேர் நடுவிலை அழிஞ்சே கிடக்குது?"

அழியவில்லை.

வேறு ஓட்டோவில் வைத்தியசாலைக்குப் போனோம். மலர் அக்காவும் ஓடிவந்தார். பரிசோதித்த வைத்தியர் நிமிர்ந்து, "ஆர் கண்ணாடியைக் கழட்டச் சொன்னது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் ரவி அண்ணை சொன்னார்: "ஒருத்தரும் சொல்லேல்லை, நானாத்தான் கழட்டினனான்."

"விசரே உங்களுக்கு? தம்பி கண்ணாடி தந்தும்!" என்று அக்கா அழுதார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மாதம் அவர் ஓட்டோ ஓடவில்லை. வலக்கண் தெளிந்துவிட்டது. இடக்கண்ணின் நடுவில் இன்னும் பயறளவு கறுப்பு.

கிரகணம் பார்க்கப் போகிறவர்களே, வளைய கிரகணத்தில் ஒரு நொடிகூடக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். கண்ணாடி இல்லையா, துளையுள்ள தட்டைப் பிடித்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி நிலத்தைப் பாருங்கள்.

மலர் அக்கா, கண்ணாடி தந்த தம்பிக்கென்று ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் பனங்கிழங்கு ஒடியல் மாப் பொதி அனுப்புகிறீர்கள். இனி அனுப்பவேண்டாம். கழட்டச் சொன்னது நான்தான்.