முட்லூரைத் தாண்டிப் போன பாட்டு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் இன்று சண்டை. காரணம் ஒரு பாட்டு.

பக்கத்து சீட் நண்பனிடம், ஒரு பழைய இங்கிலீஷ் ராக் குழு முதன்முதலில் பேர் வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பது நிமிடப் பாட்டு. பாதியை வெட்டு, இல்லையென்றால் கிளம்பு என்றது கேசட் கம்பெனி. அவர்கள் வெட்டவில்லை. அந்தப் பாட்டுதான் உலகமெல்லாம் ஓடியது.

பாட்டின் பேரைக் கேட்டதும் முன் சீட்டில் இருந்த பாய் திரும்பினார். பரங்கிப்பேட்டைக்காரர், முட்லூரில் இறங்க வேண்டியவர்.

"ஏன் தம்பி கதை வுடுறீங்க? அது நாலு நிமிஷப் பாட்டு. துபாய்ல கேசட்ல பதிஞ்சு வாங்குனேன். முப்பது வருஷமா கேக்குறேன்."

"பாதியில டேப்பு தீந்து போயிருக்கும் பாய்."

"என்னா, எனக்கு கேக்கத் தெரியாதா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கும் சுர்ரென்று ஏறியது. பாட்டைப் போட்டு, ஹெட்போனை அவர் கையில் திணித்தேன்.

நான்காவது நிமிடம். ஜெயித்த முகத்தோடு கழற்றப் போனவரின் கை, பாட்டு முடியாமல் தொடரவே, காதருகே அப்படியே நின்றது.

"முட்லூர்லாம் எறங்கு!" கண்டக்டர் இரண்டு முறை கத்தினார். பாய் அசையவில்லை. தோளைத் தொட்டேன், தட்டிவிட்டார். பஸ் கிளம்பிவிட்டது.

பாட்டு முடிந்தது. ஹெட்போனை நீட்டினார். ஒரு 'சாரி'க்காகக் காத்திருந்தேன்.

"அந்தக் கம்பெனிக்காரன் சொன்னதுதான் சரி தம்பி. பாதியோட நிறுத்தியிருக்கலாம்."

பிடிக்காத பாட்டுக்காகத்தான் மனுஷன் இறங்க வேண்டிய ஊரை விட்டாராம். நம்புகிறவர்கள் கை தூக்குங்கள்.