சப்பரம் போகிற தெருவில் அறிவியல் பேருந்து

எங்கள் வெள்ளானூர்ப் பள்ளிக்கு அநியாயம் நடந்தது. ஓர் அறக்கட்டளை நடமாடும் அறிவியல் கூடம் என்று பேருந்து விடுகிறது. உள்ளே நுண்ணோக்கிகள், தொலைநோக்கி, மின்சுற்றுப் பலகைகள் எல்லாம் உண்டு. சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் போன வண்டி எங்களை மட்டும் விட்டுவிட்டது. "தெருவில் கேபிள் வயர்கள் தாழ்வாக உள்ளன, வண்டி நுழையாது" என்று பதில். இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் அதே வரி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நுண்ணோக்கியை வரைந்து பாகம் குறிப்பதோடு சரி. ஒருவரும் கண் வைத்துப் பார்த்ததில்லை.

நான் பள்ளித் தெருக்காரன், ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் எந்திரம் ஓட்டிக்கொண்டே வரைபடம் படிக்கக் கற்றுக்கொண்டேன். அளக்காமல் "நுழையாது" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வண்டியின் அட்டவணையை இணையத்தில் பார்த்தேன். வியாழன் பூந்தமல்லியில் ஓய்வு, வெள்ளி முதல் வேறு மாவட்டம். அந்த ஒரு நாளை விட்டால் இந்த ஆண்டு கிடையாது. தலைமை ஆசிரியையிடம் சம்மதக் கடிதம் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

காலை 6.40க்குப் புறப்பாடு. ஆவடி ஆறு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். ஆவடியில் குடித்த தேநீர் பதினைந்து ரூபாய். வெறும் சர்க்கரைத் தண்ணீர், நீங்கள் ஏமாற வேண்டாம். அங்கிருந்து பூந்தமல்லி பதினொரு கிலோமீட்டர், மாநகரப் பேருந்தில் பதினைந்து ரூபாய். பருத்திப்பட்டு தாண்டும்வரை நிற்கத்தான் வேண்டும். 8.05க்கு இறங்கினேன்.

வண்டி ஒரு மைதானத்தில் நின்றது. ஓட்டுநர் பாஷா கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். நான் டேப்பை எடுத்தேன்.

"இன்னா பெர்சு, வண்டிய அளந்துகினு கீற? வாங்கப் போறியா?"

"எங்க தெருவுக்கு இட்டுகினு போவப் போறேன். பத்தரை அடிதான் கீது."

"மேல ஏசி பொட்டி கீதே, அது உன் மாமனார் ஊட்டு சீதனமா? அத்த யாரு அளப்பா?"

அவரே ஏறி டேப்பைப் பிடித்தார். பதினோரு அடி நான்கு அங்குலம். என் பிழைதான், ஒப்புக்கொள்கிறேன்.

எட்டரைக்கு ஒருங்கிணைப்பாளர் நித்யா வந்தார். "ஐயா, லெட்டர்லயே சொல்லிட்டோமே. வயர் பத்தடியில தொங்குது. அறுந்தா யார் பொறுப்பு?"

"சர்வே பண்ணவங்க தெருவுக்குள்ள நடந்தாங்களாம்மா?"

"முனையில நின்னு போட்டோ எடுத்தாங்க."

என் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். ஆடி மாதம், அதே தெரு, அம்மன் சப்பரம். கலசத்தோடு பதிமூன்று அடி. வருஷா வருஷம் போய் வருகிறது. முன்னால் இரண்டு பேர் கவைக்கோலோடு நடப்பார்கள். நீள மூங்கிலின் நுனியில் கவட்டைக் கொம்பு கட்டியிருக்கும். அதில் வயரை ஏந்தித் தூக்க, சப்பரம் அடியில் நழுவிவிடும். எல்லாம் டிவி கேபிள்தான். மின்கம்பி வெகு உயரத்தில், தெருவின் மறுபக்கம்.

"மேடம், சாமிக்கே வயி வுடறானுங்க, நமக்கு வுட மாட்டானுங்களா?" என்றார் பாஷா.

நித்யா அலுவலகத்துக்குப் பேசிவிட்டு வந்தார். "ஒரு வயர் உரசினாலும் ரிவர்ஸ் எடுத்துடுவோம், ஐயா. அதுக்கு ஒத்துக்கிட்டா வரோம்."

ஒத்துக்கொண்டேன். 9.20க்கு வண்டி கிளம்பியது. நான் முன் இருக்கையில். 10.15க்கு எங்கள் தெருமுனை. வழியிலேயே போன் செய்திருந்ததால் எங்கள் பக்கம் டிவி கேபிள் நடத்தும் தனசேகரும் அவர் மச்சானும் கவைக்கோல்களோடு நின்றார்கள்.

"இன்னா நைனா, அம்மன காணோம், வெறும் பஸ்ஸுதான் கீது?" என்றார் தனசேகர்.

"உள்ள கீறா. தூக்குடா!" என்றேன்.

இருநூறு மீட்டர், ஏழு வயர்கள். ஆறு வயர்கள் எழும்பிக் கொடுத்தன. ஏழாவது அசையவில்லை. ஆடிக்குப் பிறகு அடுக்குமாடிக்குப் போட்ட இன்டர்நெட் வயர், விறைப்பாகக் கட்டியிருந்தார்கள். பாஷா பிரேக் போட்டார். நித்யா என்னைப் பார்த்தார். பள்ளி வாசல் முப்பது மீட்டரில் தெரிந்தது. பிள்ளைகள் சுவரில் ஏறி நின்றார்கள்.

தனசேகர் ஏணியைக் கம்பத்தில் சாத்தியதும் மாடியிலிருந்து ஒருவர் கத்தினார்: "ஹலோ, நெட் போச்சுன்னா என் மீட்டிங் போச்சுங்க!"

"போவாது சார். கிளாம்ப் மட்டும் லூஸ் பண்றேன். நீ பேசிகினே இரு!"

வயர் தளர்ந்தது. கோல் தூக்கியது. ஏசி பெட்டிக்கும் வயருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. 10.40க்கு வண்டி பள்ளி வாசலில் நின்றது. நான் விசில் அடித்து ஐம்பது வருஷம் இருக்கும், அன்று அடித்தேன்.

எட்டாம் வகுப்பு நந்தினி பாட்டிலில் ஏரித் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். நுண்ணோக்கியில் ஒரு சொட்டை வைத்துக் குனிந்தவள் துள்ளினாள். "டீச்சர்! உங்க படத்துல இந்தப் பூச்சி சும்மா நின்னுகினு கீது. இங்க ஓடிகினு கீது!" அறிவியல் ஆசிரியை வரிசையின் கடைசியில் போய் நின்றார், தானும் பார்க்க.

இப்போது ஆக வேண்டியதைச் சொல்கிறேன். அறக்கட்டளைக்காரர்கள் தெருமுனையோடு திரும்பாமல் பள்ளி வாசல்வரை நடக்க வேண்டும். வண்டியை அழைக்க நினைக்கும் பள்ளிகள் அதன் உயரத்தை முதலில் கேட்க வேண்டும், ஏசி பெட்டியோடு சேர்த்து. இன்டர்நெட் வயர் இழுப்பவர்கள் பதினான்கு அடிக்குக் கீழே கட்டக் கூடாது. கல்வித்துறை ஒரு நுண்ணோக்கியையாவது பள்ளிக்கே வாங்கித் தர வேண்டும். ஏரியில் தண்ணீர் தினமும் இருக்கிறது, வண்டி ஒரு நாள்தான் வரும். அதுவரை, தனசேகரு, கவைக்கோலைக் கோயிலில் போட்டுப் பூட்டாதே. பள்ளி வாசலில் சாத்தி வை.