ஏழாம் வாய்ப்பாடு

நான்காம் வகுப்பில் என் அம்மாதான் எனக்கு டீச்சர். ஒத்தக்கடையில் பஸ் ஏறி, மதுரைக்குள் இருந்த மிஷன் பள்ளிக்கு இருவரும் ஒன்றாகவே போவோம். சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாதே! அதனால் மற்றவர்களுக்கு அதட்டல், எனக்கு ஸ்கேல். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று உத்தரவு இருந்தது. என்னை அடித்தால் புகார் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

ஏழாம் வாய்ப்பாடு என்னைப் படாதபாடு படுத்தியது. வீட்டில் அப்பாவிடம் மளமளவென்று ஒப்பிப்பேன். வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்று, அம்மா கையிலிருக்கும் ஸ்கேலைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிடும். "வேணும்னே என் மானத்த வாங்குறா" என்று அம்மா அப்பாவிடம் பொருமுவார். நான் மக்கு என்பதில் எனக்கும் சந்தேகமே இல்லை.

அந்த வருடம், பிள்ளைகளின் மூளை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். போய்விட்டு வந்த அம்மா அன்று சாப்பாட்டில் கை வைக்கவே இல்லை.

"பயந்துபோயி நிக்கிற பிள்ளைக்கு, நல்லாப் படிச்சதுகூட அந்நேரம் ஞாபகத்துக்கு வராதாம்ங்க. வேணும்னு செய்யிறதில்லையாம்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

மறுநாள் வகுப்பில் ஸ்கேல் இல்லை. யாரும் முன்னால் வர வேண்டாம், புத்தகத்தை மூடிவிட்டு, ஞாபகம் இருப்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னால் போதும், தப்பு வந்தால் பரவாயில்லை என்றார். வகுப்பே குதூகலித்தது. என் பெஞ்சருகே அவர் வந்து நின்றதும் எனக்குப் பாதியில் மறந்துபோனது. வழக்கம்போல எழுந்து உள்ளங்கையை நீட்டினேன். அம்மா அந்தக் கையைப் பிடித்து, மெல்லக் கீழே இறக்கிவிட்டு நகர்ந்துவிட்டார். இவள் இனி தேறமாட்டாள் என்று என்னைக் கைகழுவிவிட்டார் என்றே நினைத்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இனி எதைக் கேட்டாலும் தயங்காமல் பதில் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். ஒத்தக்கடை நெருங்கும்போது அம்மா என் தலையைக் கோதினார்.

"பாப்பா, அம்மாவப் பாத்தா ஒனக்குப் பயமா இருக்கா?"

சட்டென்று எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"இல்ல டீச்சர்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டதும் திக்காமல் சொன்னேனே, இதில் என்ன தப்பு செய்தேன் என்று அன்று எனக்கு விளங்கவே இல்லை.