மாவு மிக்ஸரின் கியர்

கியர் கழற்றுவதில் நான் ஒழுங்கானவன் என்றுதான் நினைத்திருந்தேன். மெயினை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகே மிஷினில் கை வைப்பேன். கியரை இழுக்கும் புல்லரை இறுக்கும்போது அதற்கு நேரே நிற்க மாட்டேன். தெறித்தால் தடுக்க ஒரு சாக்கையும் சுற்றிவிடுவேன். பத்து விரலும் பத்திரமாக இருப்பதால் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

லிங்கராஜபுரத்தில் ஒரு பேக்கரி. கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் இருந்தது. கேக் மாவு கலக்கும் மிக்ஸரில் பேரிங் போய்விட்டது. அதை மாற்ற, முன்னால் இருக்கும் வார்ப்பிரும்பு கியரைக் கழற்ற வேண்டும். மிஷின் செய்த கம்பெனியே இப்போது இல்லை. கியர் உடைந்தால் புதிதாக வார்த்துப் பல் வெட்ட இரண்டு வாரம் ஆகும்.

கியரின் நடுவில் தடித்திருக்கும் ஹப்பில் ஒரு ஓட்டை. அதிலுள்ள சின்ன ஸ்க்ரூதான் கியரை ஷாஃப்டோடு பிடித்திருக்கும். அதைக் கழற்றிவிட்டுப் புல்லரை மாட்டினேன். அசையவில்லை. எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். ஹப்பைச் சூடாக்கியும் பார்த்தேன். மயிரிழை கூட நகரவில்லை. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

பேக்கரி நடத்தும் அம்மா எட்டிப் பார்த்தார். "அண்ணா, சுத்தியால ரெண்டு தட்டு தட்டினா வராதா?"

"தட்டினா உடைஞ்சிடும்மா. நீங்க போய் உங்க வேலையப் பாருங்க."

கால் மணி நேரம் கழித்துச் சுத்தியலை எடுத்தவன் நான்தான். ஹப்புக்குப் பின்னால் இடமில்லாததால் புல்லரின் கால்களைக் கியரின் விளிம்பில் மாட்டியிருந்தேன். அதுவே தப்பு. அந்த இறுக்கத்திலேயே புல்லரின் தலையில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். விளிம்பு இரண்டாகப் பிளந்தது. துண்டு சாக்குக்குள் விழுந்தது. யாருக்கும் அடியில்லை.

பிறகுதான் டார்ச் அடித்து அந்த ஓட்டையைப் பார்த்தேன். கழற்றிய ஸ்க்ரூவுக்குக் கீழே இன்னொன்று இருந்தது. அதிர்வில் தளராமல் இருக்க ஒரே ஓட்டையில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போடுவது எங்கள் வொர்க்‌ஷாப் வழக்கம். நாலு வருடம் முன்பு இதே மிஷினில் போட்டதும் நான். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

சத்தம் கேட்டு ஓடி வந்த அந்த அம்மா உடைந்த துண்டைப் பார்த்தார். "ரொம்ப பழசாயிடுச்சு இல்ல அண்ணா, அதான்."

ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. "இல்லம்மா. அடியில இன்னொரு ஸ்க்ரூ இருந்துச்சு. போன தடவை நான்தான் போட்டேன். பாக்காம இழுத்துட்டேன்."

நன்றாகத் திட்டியிருந்தால் தேவலை. அவரோ ஸ்டூலில் உட்கார்ந்து, ஆர்டர் கொடுத்தவர்களுக்கு ஒவ்வொருவராக வாய்ஸ் மெசேஜ் போட ஆரம்பித்தார்.

"சாரி ஆன்ட்டி, இந்த தடவை கேக் குடுக்க முடியாது. மிஷின் பழசு, உடைஞ்சிடுச்சு."

அடுத்தவருக்கும் அதையேதான் சொன்னார். கடைசி ஆர்டர் வரை என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.