மூக்கால் கொஞ்சுவது

எங்கள் ஆட்கள் பிள்ளையைக் கொஞ்சுவது உதட்டால் அல்ல, மூக்கால். உச்சந்தலையில் மூக்கை அழுத்தி மூச்சை ஒரு இழு இழுத்தால்தான் கொஞ்சினதாகக் கணக்கு. ஆக்லாந்தில் என் மகள் பிறந்த அன்று நானும் அப்படித்தான் கொஞ்சினேன். ஒரு மணமும் வரவில்லை. அதற்கு முன்பே மூக்குக்குள் சதை வளர்ந்து அடைத்திருந்தது. தடிமன் என்று நினைத்து வருடக்கணக்காக ஆவி பிடித்த புத்திசாலி நான். மகள் என் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். அவளுடைய மணம் என்னவென்று எனக்குத் தெரியாது.

சைனஸ் ஆபரேஷன் செய்தால் மூச்சு சீராகும், மணம் திரும்பலாம், உறுதி தரமுடியாது என்றார் டொக்டர். மூச்சு யாருக்கு வேண்டும்? வாயால் விட்டே பழகிவிட்டேன். எனக்கு அந்த ஒரு மணம் வேண்டும், அவ்வளவுதான்.

வெளியே ஒரு கீறல் இல்லை. மூக்குத் துவாரம் வழியாகவே கேமராவை விட்டுச் சதையை எடுத்து, அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலியை விட அடைப்புத்தான் பெரிய கரைச்சல். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி தூக்கம். குனியக்கூடாது, மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவேண்டும். போத்தலில் உப்புத்தண்ணீர் எடுத்து ஒரு துவாரத்தில் விட்டால் மறு துவாரத்தால் வரும். அதைப் பார்த்து மகள், "ஈயூ, அப்பா!" என்று ஓடிவிடுவாள்.

எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். அந்த வாரமே மகள் பள்ளிக்கூட கேம்ப்புக்குப் புறப்பட்டாள். பையோடு வந்து நின்றவளை இழுத்து, பழக்கதோஷத்தில் உச்சந்தலையில் மூக்கை வைத்து அழுத்திவிட்டேன். அவள் தலைமயிரெல்லாம் இரத்தம்.

மனைவி துவாயோடு ஓடிவந்தாள். "தும்முறதுக்கும் சிந்துறதுக்கும் சொல்லித்தானே விட்டவை. கொஞ்சக்கூடாதெண்டும் தனியாச் சொல்லவேணுமோ உங்களுக்கு?"

இரத்தம் சீக்கிரம் நின்றுவிட்டது. ஆனால் கேம்ப்பிலிருந்து திரும்பிய மகள் என் கிட்டவே வரவில்லை. வாசலில் நின்று கையை ஆட்டிவிட்டுப் போவாள். மூக்கு நொந்ததை விட அது நொந்தது.

காய்ந்த பொருக்குகளை டொக்டர் உறிஞ்சி எடுத்தார். வேலைக்குத் திரும்பினேன். நான் வேலை செய்யும் ஈஸ்ட் டாமாக்கி கிடங்கில் ஒரு நாள், மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மணத்தது. பைத்தியக்காரன் மாதிரி அதை மோந்துகொண்டே நின்றேன்.

அன்று வீட்டுக்குப் போன வேகத்துக்கு பொலிஸ் பிடிக்காதது என் நல்லகாலம். "பிள்ளை, இஞ்ச வா. இப்ப இரத்தம் வராது," என்றேன். அவள் தயங்கித் தயங்கி வந்து, என் மூக்கில் இடிபடாமல் மெல்லத் தலையைக் குனிந்தாள். ஷாம்பு, விளையாடிவிட்டு வந்த வியர்வை, அதற்கும் அடியில் வேறொன்று. அவளுடையது. விட மனமில்லாமல் இழுத்தேன்.

"ஓகே, அப்பா, இனஃப்," என்று சிரித்துக்கொண்டே தன் அறைக்குப் போய்விட்டாள்.

மனைவியிடம் கேட்டேன். "பிறந்த நேரமும் இதே மணம்தானோ?"

"இல்லையப்பா, அது வேற," என்றாள். சொல்ல வாயெடுத்து, கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"எப்பிடி எண்டு எனக்கும் இப்ப மறந்துபோச்சு."